எட்டுக்காலாரின் பங்காளிகள்

எழுபதுகளில் போடிநாயக்கனூரில் சைக்கிள் வைத்திருந்த ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது தன் சக்கரத்தைச் சிலந்திக்குத் தாரை வார்த்திருப்பார்கள். அதற்குக் காரணம் எட்டுக்காலார். இந்தப் பூமியில் சிலந்திக்கு வீடு பார்த்துக் கொடுப்பதையே பிறவிப் பயனாக நினைத்த ஒரே மனிதர் அவர்தான் என்று எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. தபால்காரருக்கே தெரியாது, ஏனென்றால் அவருக்குத் தபால் வந்ததே இல்லை. ஏலக்காய் மண்டிகளுக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. மூக்கில் ஏலக்காய் வாசம் ஏறிக்கொண்டே இருக்கும். அந்தச் சந்தின் கடைசியில், வெயில் எட்டிக்கூடப் பார்க்காத ஒரு நீளமான ஓட்டுக் கட்டடத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். பஞ்சர் ஒட்டுவார், செயின் மாட்டுவார். ஆனால் அவர் பெயர் எடுத்தது சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பதில்தான். பள்ளத்தில் விழுந்து அப்பளமாக நெளிந்த சக்கரத்தை இரும்புக் கவட்டையில் மாட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுற்றிப் பார்ப்பார். பிறகு ஒரு கம்பியைக் கால் சுற்று திருகுவார். நிறுத்துவார். யோசிப்பார். அடுத்த கம்பி, கால் சுற்று. அரைச் சுற்று திருகி நான் பார்த்ததில்லை. மூன்று மணி நேரம் கழித்து அந்தச் சக்கரம் குயவன் சக்கரம்போல ஆடாமல் சுற்றும்.

வம்பு அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கும். வேலை முடிந்த சக்கரத்தை உத்தரத்தில் ஆணியடித்துத் தொங்க விடுவார். ராத்திரியோடு ராத்திரியாக அதன் கம்பிகளுக்கு நடுவில் ஒரு சிலந்தி வலை கட்டிவிட்டால் போதும், அந்தச் சக்கரத்தை அதன் சொந்தக்காரர் மறந்துவிட வேண்டியதுதான்.

"அண்ணே, எம் பின்சக்கரம் ரெடியா?"

"ரெடிதான்யா. ஆனா ஆளு குடி வந்துட்டாக."

"யாருண்ணே?"

"மேல பாரு. சத்தம் போடாத. இப்பத்தான் சாப்பிட்டுப் படுத்திருக்காக."

"ஒரு தட்டுத் தட்டி விடுங்கண்ணே, எனக்கு வேலைக்கு நேரமாச்சு!"

"ஏன்யா, நீ அசந்து தூங்குற நேரத்துல நான் தொடப்பத்தோட ஒன் வீட்டுக்குள்ள வந்து ஒன்னையத் தட்டி விட்டா எப்படி இருக்கும்? அவுகளாக் கெளம்பட்டும். அதுவரைக்கும் இந்தா, இதப் போட்டுக்கிட்டுப் போ."

என்று வேறு யாருடைய சக்கரத்தையோ எடுத்து மாட்டி அனுப்பிவிடுவார். போடியில் ஓடிய சைக்கிள்களில் பாதிக்கு முன்சக்கரம் ஒரு குடும்பம், பின்சக்கரம் வேறு குடும்பம். ஜவுளிக்கடைக்காரர் ஒருவருக்கு முன்னால் சின்னப் பையன் சைக்கிளின் சக்கரம் அமைந்துபோயிற்று. அவர் சமதரையில் போகும்போதும் மலையிறங்குகிற மாதிரியே குனிந்து போவார். இரண்டு வருஷம் அப்படிப் போனார். சண்டை போட்டாரா என்றால், இல்லை. ஒரே ஒரு முறை கோபமாகக் கடைக்குள் நுழைந்தார், பேசாமல் திரும்பி வந்துவிட்டார். அது ஏன் என்று தெரிய வேண்டுமானால் நீங்கள் அந்தக் கடைக்குள் போயிருக்க வேண்டும்.

உள்ளே பட்டப்பகலிலும் மங்கல். தலைக்கு மேலே அறுபதுக்குக் குறையாத சக்கரங்கள். ஒவ்வொன்றிலும் வலை, ஒவ்வொரு வலைக்கும் நடுவில் ஒரு ஆள். அசைவே இருக்காது. வெளியே சித்திரை மாதத்து மதியம், ஒரு இலைகூட ஆடாத புழுக்கம். அந்த நேரத்தில், எங்கோ மூலையில் ஒரே ஒரு சக்கரம் மட்டும் தானாகக் கால் சுற்று சுற்றி நிற்கும். எட்டுக்காலார் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு மேலே பார்த்து, "ம்... சரி, சரி" என்பார். பிறகு எதிரே நிற்கும் ஆளைப் பார்த்து, "ஒங்களுக்கு வீட்டுல ஏதோ மனக்கஷ்டமாமே" என்பார். ஜவுளிக்கடைக்காரருக்கும் அதுதான் நடந்தது. அவருக்கு உண்மையிலேயே வீட்டில் மனக்கஷ்டம். யாருக்குத்தான் இல்லை என்று இப்போது நான் எழுதிவிடலாம். அன்றைக்கு அங்கே நின்றபோது நானும் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தவன்தான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூரில் முன்பின் தெரியாத ஒருவரைப் பார்த்தால் முதலில் எந்த வகையறா என்று கேட்போம். இருவருக்கும் ஒரே வகையறாப் பெயர் என்றால் முடிந்தது. அந்த நிமிஷத்திலிருந்து பங்காளிகள். கல்யாணத்துக்குக் கூப்பிட வேண்டும், துக்கத்துக்குப் போக வேண்டும். எட்டுக்காலார் இந்த வழக்கத்தை மனிதரோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அதுதான் அவர் செய்த தப்பு. ஒரே பெயர் என்றால் ஒரே வகையறா, அவ்வளவுதான் அவர் கணக்கு. தோட்டத்துச் செடிகளில் இலைக்கடியில் செம்பொடி தூவினாற்போல ஒட்டிக்கொண்டு சாறு குடிக்குமே செஞ்சிலந்தி, அது வீட்டுச் சிலந்திக்குச் சின்னவீட்டுப் பங்காளி. மனிதன் காலுக்குள் நூல்போல வளர்ந்து தோலைப் பொத்துக்கொண்டு வருமே நரம்புச் சிலந்தி, அது உடன்பிறந்த தங்கை. அது புழுவாச்சே என்று நாம் சொன்னால், "ஒங்க தம்பி ஒங்கள மாதிரியா இருக்கான்?" என்று கேட்பார். எனக்கு என் தம்பி ஞாபகம் வந்துவிடும்.

மக்கள்தொகை கணக்கெடுக்க ஒரு வாத்தியார் அந்தச் சந்துக்கு வந்தார். பாவம், வெயிலில் நாலு தெரு அலைந்து வந்தவர்.

"வீட்டுல எத்தன பேரு?"

"இன்னைக்குக் காலையில அறுபத்து மூணு சார். மத்தியானத்துக்குள்ள கூடும்."

வாத்தியார் மேலே பார்த்தார். பேனாவை மூடினார். வெயில் தலைக்கேறியிருந்த கோபத்தில் பாடமே நடத்திவிட்டார். "யோவ், பேரு ஒண்ணா இருந்தா சொந்தமாயிருமா? கடல்ல சிலந்தி நண்டுன்னு ஒண்ணு கெடக்கு. அமெரிக்காக் காட்டுல சிலந்திக் குரங்குன்னு ஒண்ணு, கையும் காலும் நீளநீளமா, வாலால மரத்துல தொங்குது. அதையும் ஒன் குடும்பத்துல எழுதவா?"

எட்டுக்காலாருக்குக் கண் கலங்கிவிட்டது. "கொரங்கா? நம்மாளுகளா? அம்புட்டுத் தொலவுலயா இருக்காக?" என்று வாத்தியாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மறுநாள் கடை வாசலில் ஒரு மண்சட்டி நிறைய உப்புத்தண்ணீர் வைத்திருந்தது. உத்தரத்தில் ஒரு தாம்புக்கயிறு தொங்கியது. நண்டு வந்தால் இளைப்பாற, குரங்கு வந்தால் தொங்க. ஊரே வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனது. நானும் சிரித்தேன். ஒரு நாள் விடிகாலையில் பால் வாங்கப் போனபோது, பூட்டிய கதவின் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன். உள்ளே அந்தக் கயிறு, இப்போதுதான் யாரோ கையை விட்டுவிட்டுப் போனதுபோல, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

அப்போது நான் ஒரு ஏலக்காய்க் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை என்றால், காய் பொறுக்கும் பெண்களுக்கு மேற்பார்வை என்ற பெயரில் ஓரமாக நிற்பது. எனக்குக் கண்டக்டராக வேண்டும். காக்கிச் சட்டை, தோல்பை, வாயில் விசில், அதுதான் என் ராஜ்ஜியம். ஆசை மட்டுமில்லை, அவசியமும்தான். பொட்டிப்புரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா பக்கவாதத்தில் படுத்துவிட்டார். தம்பி சின்னப் பையன். வீட்டைத் தாங்கி நிற்கக்கூடிய ஆம்பிளை நான் ஒருவன்தான். தேனியில் ஒரு பஸ் முதலாளி, வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்துக்காகப் புது கண்டக்டர் எடுக்கப்போவதாகச் சொல்லியிருந்தார். அவர் வைக்கும் பரீட்சை மாவட்டம் முழுக்கப் பிரசித்தம். தேனியிலிருந்து கம்பம் வரை ஓடுகிற பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் நிற்க வேண்டும். கம்பியில் கை பட்டால் அடுத்த ஊரில் இறக்கிவிடுவார். கால்தான் சர்டிபிகேட்.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது என் வலது கணுக்காலுக்கு மேலே ஒரு கொப்புளம் கிளம்பியது. நெருப்பை உள்ளே வைத்துத் தைத்தது மாதிரி எரிச்சல். தண்ணீர்த் தொட்டியில் காலை வைத்தால் தேவலை என்று வைத்தேன். கொப்புளம் உடைந்தது. உள்ளேயிருந்து வெள்ளையாக, சேமியா இழை மாதிரி ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.

நரம்புச் சிலந்தி. எங்கள் ஊரில் படி இறங்கித் தண்ணீர் எடுக்கும் கிணறு. போன வருஷக் கோடையில் குடித்த தண்ணீர், ஒரு வருஷம் எனக்குள் வளர்ந்து முழ நீளம் ஆகியிருந்தது. என் பக்கத்து வீட்டு ஆட்டுக்காரருக்கு அது வந்தபோது, பொறுமை இல்லாமல் ஒரே இழுப்பாக இழுத்தார். பாதியில் அறுந்துவிட்டது. உள்ளே போன மிச்சம் சீழ் வைத்து, முழங்கால் மடங்கினது மடங்கினதுதான். அதற்குப் பிறகு அவர் ஆடுகளை உட்கார்ந்த இடத்திலிருந்து கூப்பிட்டுத்தான் மேய்த்தார். அறுந்தால் கால் போச்சு, கால் போனால் விசில் போச்சு. டாக்டரும் பொறுமையாகச் சுற்றித்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிக் கட்டுப் போட்டு அனுப்பினார். பொறுமையாகச் சுற்றுவதற்குப் போடியில் ஒரே ஆள்தான் உண்டு. பயந்துகொண்டே சந்துக்குள் நுழைந்தேன்.

எட்டுக்காலார் என் காலைப் பார்த்தார். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் மன்னிக்கவே இல்லை.

"வாங்க சின்னாத்தா, வாங்க" என்றார். என்னையல்ல.

ஒரு சைக்கிள் கம்பியை விரல் நீளத்துக்கு வெட்டி, முனையைத் தேய்த்து மழுக்கினார். வால்வ் டியூப் ரப்பரில் ஒரு துண்டு எடுத்துக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து என் கணுக்கால் பக்கத்தில் வைத்துப் பாதி திறந்தார். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு சிலந்தி. வயிற்றுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு முட்டைப்பை. அந்தக் கடையிலேயே மூத்தவர். பெயர் பெரியாத்தா. உத்தரத்தில் இருக்கும் அறுபத்து மூன்று பேர் போக, அவர் கையோடு எடுத்துக்கொண்டு திரிவது இவரை மட்டும்தான்.

"அண்ணே, அந்தப் பூச்சி கடிக்காதுல்ல?" என்றேன்.

அவர் கை நின்றது. "பூச்சிங்கிற வார்த்தைய இந்தக் கடைக்குள்ள சொல்லப்படாது. ஒன்னைய யாராச்சும் மனுசப்பயன்னு கூப்பிட்டா நல்லாருக்குமா? இவுக பெரியாத்தா." பிறகு என் கணுக்காலை நோக்கிக் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சின்னாத்தா, அக்கா வந்திருக்காக. வெளிய வந்து ஒரு வார்த்த பேசுங்க."

நான் படித்தவன். எஸ்.எஸ்.எல்.சி. வரை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். புண்ணுக்குள்ளிருந்து அந்த வெள்ளை இழை மெல்ல வெளியே வந்தது. தீப்பெட்டி இருந்த பக்கமாகத் தலையைத் திருப்பியது. பெரியாத்தா முன்கால் இரண்டையும் தூக்கினார். எனக்குள் ஒரு ஆள் குடியிருக்கிறார், அவருக்குக் காது கேட்கிறது என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்துபோயிற்று. எட்டுக்காலார் இழையைக் கம்பித் துண்டில் கோத்து, கால் சுற்று சுற்றினார். வால்வ் டியூபால் காலோடு சேர்த்துக் கட்டினார். "இன்னைக்கு இம்புட்டுத்தான். நாளைக்கு வா" என்றார்.

மூன்று கட்டளைகள் போட்டார். இழுக்கக் கூடாது. திட்டக் கூடாது. எவ்வளவு எரிந்தாலும் கிணற்றிலோ குளத்திலோ கால் வைக்கக் கூடாது. "அவுக பிள்ளத்தாச்சி. தண்ணியக் கண்டாப் பிள்ளைகள எறக்கி விட்டுருவாக. அப்பறம் அந்தத் தண்ணியக் குடிக்கிறவுக அம்புட்டுப் பேரு கால்லயும் குடியேறிருவாக. வீடு வேணுந்தான், அதுக்காக அடுத்தவுக கால்லயா?" என்றார். சொந்தக்காரர்களைப் பற்றி இவ்வளவு நியாயமாகப் பேசிய மனிதரை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போவேன். தினமும் கால் சுற்று. பதினோராவது நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. நாளை எண்ணிப் பார்த்தேன், இந்த வேகத்தில் போனால் பரீட்சைக்கு முன்னால் முடியாது. அறையில் உட்கார்ந்து நானே ஒரு அரைச் சுற்று சுற்றினேன். அவ்வளவுதான். இழை வீணைத் தந்தி மாதிரி விறைத்துக்கொண்டது. கால் தொடை வரை சுண்டி இழுத்தது. விடிவதற்குள் காய்ச்சல். நொண்டிக்கொண்டே போய்க் கடை வாசலில் விழுந்தேன்.

அவர் திட்டவில்லை. கடைக் கதவை மட்டும் சாத்தினார். அந்தக் கதவை அவர் வேலை நாளில் சாத்தியதை அன்றைக்குத்தான் சந்து பார்த்தது. என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, சுற்றியதை மயிரிழை மயிரிழையாகப் பின்னால் விட்டார். "கோவிச்சுக்கிறாதீக, சின்னாத்தா. அவசரப்பட்ட பய. வீட்டுல கஷ்டம். அறுத்துக்கிறாதீக" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மத்தியானம் வரை அதே வார்த்தைகள். நான் காய்ச்சலில் அண்ணாந்து படுத்திருந்தேன். அப்போதுதான் பார்த்தேன். மேலே சக்கரங்கள் எல்லாம் காலியாக இருந்தன. அறுபத்து மூன்று பேரும் ஆளுக்கொரு நூலில் இறங்கி வந்து, அவர் தலைக்கு ஒரு சாண் உயரத்தில், ஆடாமல் தொங்கிக்கொண்டிருந்தார்கள். எட்டுக்காலார் நிமிர்ந்து பார்க்கவில்லை. "நீங்களும் சொல்லுங்கப்பா" என்றார், அவ்வளவுதான்.

காய்ச்சல் அதிகம் என்பது என் கட்சி. ஆனால் சாயங்காலம் இழை தளர்ந்தது. கால் சுற்று வந்தது.

பரீட்சைக்கு முதல் நாள் கணக்குப் பார்த்தபோது இன்னும் நாலு விரற்கடை உள்ளே இருந்தது. நான் அழுதேவிட்டேன். எட்டுக்காலார் கம்பித் துண்டைக் கணுக்காலோடு ஒட்ட வைத்து, டியூபால் இறுக்காமல் கட்டி, மேலே சாக்ஸ் போட்டுவிட்டார். "நிக்கிறது நீயி. உள்ள நிக்கிறது அவுக. அவுகள நான் பாத்துக்கிறேன். நானும் வாரேன்" என்றார். போடியைத் தாண்டி அவர் போய் யாரும் பார்த்ததில்லை.

மறுநாள் காலை தேனியில் வண்டி ஏறினோம். இரவல் பேன்ட்டில் நான் சீட்டுகளுக்கு நடுவே நின்றேன். முதலாளி, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, முன்சீட்டில் திரும்பி என் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு நேர் பின் சீட்டில், மடியில் தீப்பெட்டியோடு எட்டுக்காலார். என் கால் அவர் பக்கத்தில்.

வீரபாண்டி தாண்டியதும் காலுக்குள் அது புரளத் தொடங்கியது. எரிச்சல் உச்சிக்கு ஏறியது. கை தானாகக் கம்பியைத் தேடியது. எட்டுக்காலார் தீப்பெட்டியை ஒரு நூல் அளவு திறந்து மூடினார். எரிச்சல் அடங்கியது. மார்க்கையன்கோட்டைக்காரர் ஒருவர் கோழிக்கூடையோடு என் மேல் சாய்ந்தார், நான் சாயவில்லை. சின்னமனூரில் கூட்டம் இறங்கியது. அதையும் தாண்டினோம். இரண்டு பக்கமும் வயல், ரோட்டோரம் புளியமரங்கள். பாதிக்கு மேல் முடிந்துவிட்டது என்று முதல் தடவையாக எனக்கு நம்பிக்கை வந்தது.

முதலாளி ஒரு சிகரெட்டை எடுத்து வாயில் வைத்தார். பையைத் தடவினார். பின் சீட்டைப் பார்த்தார்.

"யோவ், தீப்பெட்டி குடு."

எட்டுக்காலார் வாயைத் திறப்பதற்குள் அவர் மடியிலிருந்து முதலாளியே அதை எடுத்துவிட்டார். குச்சிக்காகத் திறந்தார். பெரியாத்தா அவர் கட்டைவிரலில் ஏறினார்.

"ஐயையோ!" என்று ஒரு அலறல். கையை உதறிய உதறலில் தீப்பெட்டியும் பெரியாத்தாவும் முட்டைப்பையும் ஜன்னல் வழியாகப் போய்விட்டார்கள். ஒரு பெரிய புளியமரம் பின்னால் ஓடியது.

எட்டுக்காலார் பாதி எழுந்தார். நிறுத்துங்க என்ற வார்த்தை அவர் தொண்டை வரை வந்ததை நான் பார்த்தேன். ஒரு சிலந்திக்காக ஊரிலிருக்கிற சைக்கிளையெல்லாம் நிறுத்திய மனிதர், ஒரு பஸ்ஸை நிறுத்தமாட்டாரா? ஆனால் வண்டி நின்றால் கேள்வி வரும். என்ன பெட்டி, எதற்கு, யாரோடு வந்தாய், காலில் என்ன கட்டு? அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார்.

"என்னய்யா வச்சிருந்த உள்ள?" என்று கத்தினார் முதலாளி.

"ஒண்ணுமில்ல மொதலாளி. பழைய பெட்டி. ஏதோ பூச்சி ஏறியிருக்கும்."

பூச்சி. அவர் வாயால் அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்குக் கால் எரிச்சல் மறந்துவிட்டது. எட்டுக்காலார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்தப் புளியமரம் புள்ளியாகி மறையும்வரை பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். மறைந்த பிறகும் பார்த்தார். நான் கம்பம் வரை எதையும் பிடிக்காமல் நின்றேன். கண்ணில் வழிந்ததைத் துடைக்கக்கூடக் கையைத் தூக்கவில்லை.

கம்பத்தில் முதலாளி, "பரவால்லையே, நாளைக்கு வந்து பையை வாங்கிக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கல்லில் உட்கார்ந்து எட்டுக்காலார் என் சாக்ஸைக் கழற்றினார். கம்பித் துண்டைக் கால் சுற்று சுற்றினார். இழை நிற்கவில்லை. பிடியை யாரோ உள்ளேயிருந்து விட்டுவிட்டதுபோல, மிச்சம் நாலு விரற்கடையும் தானாக நழுவி வந்து அவர் உள்ளங்கையில் கிடந்தது.

"அக்கா போனது தெரிஞ்சிருச்சுபோல" என்றார். "எரிச்சிரு. தண்ணிப் பக்கம் மட்டும் கொண்டு போயிராத."

டீக்கடையில் தீப்பெட்டி வாங்கி வந்து எரித்தேன். "அண்ணே, எனக்காகப் பெரியாத்தாவ..." என்று ஆரம்பித்தேன்.

"பாஸாயிட்டேல்ல? அப்பறம் என்ன? நீ வண்டியில போ. நான் அப்படியே நடந்து வாரேன்."

மூன்றாவது நாள்தான் போடி வந்து சேர்ந்தார். முழங்காலெல்லாம் சிராய்ப்பு, கையெல்லாம் முள் கீறல். சட்டைப் பை தட்டையாக இருந்தது. "பெரிய மரம். அங்கன நல்லாத்தான் இருப்பாக" என்றார்.

நான் கண்டக்டரான பிறகு, மாதத்துக்கு ஒரு தடவை காலை முதல் வண்டியில் ஏறுவார். சின்னமனூர் தாண்டியதும் எழுந்து வாசலுக்கு வருவார். அந்தப் புளியமரத்தடியில் ஸ்டாப்பிங் கிடையாது. விசில் கொடுப்பேன். இறங்குவார். அடுத்த நடை திரும்பும்போது அதே இடத்தில் நின்றுகொண்டிருப்பார், ஏற்றிக்கொள்வேன். ஒரு மார்கழிக் காலையில் அந்த மரத்திலிருந்து வயல் வரப்பு வரை, வரப்பிலிருந்து ரோட்டுக் கல் வரை, ஆயிரக்கணக்கான நூல்கள் பனியில் நனைந்து வெள்ளையாகத் தொங்கின. வண்டியில் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எட்டுக்காலார் படியில் நின்றபடியே, "அம்புட்டும் பேரப்பிள்ளைக" என்று சொல்லிவிட்டு, எதையும் மிதித்துவிடாமல், பார்த்துப் பார்த்துக் கால் வைத்து மரத்தடிக்குப் போனார்.

அடுத்த மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார். எனக்குச் சேதி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மறுநாள் காலை முதல் வண்டியில், சின்னமனூர் தாண்டியதும், என்னை அறியாமல் விசில் கொடுத்துவிட்டேன். வண்டி புளியமரத்தடியில் நின்றது. யாரும் எழுந்திருக்கவில்லை. டிரைவர் திரும்பிப் பார்த்தார். வாசலுக்கு வெளியே தூறல் மட்டும்தான். நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, ஒரு ஆள் மெதுவாக இறங்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றேன்.

"எறங்கிட்டாக, போகலாம்" என்றேன்.